தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?
(குளிர் நாட்டு வீடும், நான் கற்ற பாடமும்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் மன்றச் செயலாளர், "கவிதை மூட்டை மூட்டையா வந்துடுச்சு. நீயாவது பாடம் சம்பந்தமா ஏதாவது எழுதுடா" என்றார். எழுத ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நான் நிறைய மார்க் வாங்கிய பாடம் இல்லை. நான் தப்பாகச் சொன்ன ஒரு யோசனையால் என் அக்கா வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்த பாடம். நம்மில் பலருக்கும் நாளைக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் அக்காவும் அத்தானும் அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். கார் தொழிலை நம்பிப் போன நம்மூர் இன்ஜினியர்கள் அங்கே நிறையப் பேர். அத்தானும் அதில் ஒருவர். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, மார்ச் மாதம் அக்காவுக்குப் பிரசவம் என்று தெரிந்தது. அம்மா போய் ஆறு மாதம் தங்க வேண்டும். வீடு சிறியது. பின்பக்கம் 16 அடிக்கு 20 அடியில் ஒரு அறையும், ஒரு பாத்ரூமும் சேர்த்துக் கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். செப்டம்பரில் ஆரம்பிக்க வேண்டிய வேலையை கான்ட்ராக்டர் தள்ளித் தள்ளி நவம்பர் கடைசியில்தான் தொடங்கினார். அங்கே நவம்பர் கடைசி என்றால் பனிக்காலம் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

கிரால் ஸ்பேஸ் என்றால் என்ன?

நம்மூரில் அஸ்திவாரம் எடுத்து, பேஸ்மட்டம் கட்டி, உள்ளே மண்ணும் மணலும் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே பி.சி.சி. போட்டுத் தளம் போடுகிறோம். தரை என்பது மண்ணின் மேலேயே படுத்திருக்கிறது.

அங்கே பல வீடுகளில் பேஸ்மட்டத்துக்குள் எதையும் நிரப்புவதில்லை. சுற்றிலும் கான்கிரீட் அல்லது பிளாக் சுவர். அதன்மேல் மரச் சட்டங்களை வரிசையாக அடுக்கி, அதன்மேல் பிளைவுட் அடித்து அதையே தரையாக்குகிறார்கள். அந்தச் சட்டங்களுக்கு ஜாயிஸ்ட் என்று பெயர். தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடி காலி இடம். ஆள் நிமிர முடியாது, தவழ்ந்துதான் போக முடியும். அதனால் கிரால் ஸ்பேஸ். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஒயர், சூடு காற்று போகிற டக்ட் எல்லாம் அதற்குள்ளேதான் ஓடும்.

வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஆனால் வீட்டின் ஆரோக்கியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொன்ன யோசனை

ஜனவரியில் அறைக்குக் கூரை வந்துவிட்டது. ஒருநாள் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். கிரால் ஸ்பேசுக்குள் செல்போனை நீட்டி எடுத்தது. பிளைவுட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஓரத்தில் வெள்ளையாகப் பனி. கீழே வெறும் ஈர மண். ஒரு மூலையில் கேஸ் ஹீட்டர் எரிந்து கொண்டிருந்தது.

"டேய் தம்பி, நீ சிவில்தானே படிக்கிறே? உள்ளே மழை பெய்யற மாதிரி சொட்டுது. என்னடா பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "ஈரம்னா காத்து வேணும்க்கா. சுத்தி இருக்கிற வெண்டிலேட்டரை எல்லாம் திறந்து விடச் சொல்லு, ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றேன். நம்மூர் புத்தி. அத்தான் நாலு வெண்டிலேட்டரையும் திறந்துவிட்டார். கேஸ் வாடை பிடிக்காமல் ஹீட்டரையும் அணைத்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு வேலைக்கு ஆள் இல்லை. வெளியே மைனஸ் 16 டிகிரி.

திங்கட்கிழமை ஆள் வந்து ஹீட்டரைப் போட்டதும், புது பாத்ரூமுக்குப் போகிற குழாயில் உறைந்திருந்த ஐஸ் உருகியது. உறையும்போதே குழாய் பிளந்திருந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மண் முழுக்கச் சேறு. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். ஃபுட்டிங்கை ஒட்டி, உள்பக்க மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை. பாறை மாதிரி உறைந்திருந்தது. "மண்ணை உருக்கிக் காட்டுங்கள். ஃபுட்டிங் தூக்கியிருக்கிறதா என்று லெவல் பார்த்துக் காட்டுங்கள். அதுவரை உள்வேலை கூடாது" என்று சொல்லிப் போய்விட்டார்.

நல்லவேளை, லெவல் மாறவில்லை. ஆனால் வேலை ஒரு மாதம் தள்ளிப் போனது. அம்மா போய் இறங்கியபோது அறை தயாரில்லை. அக்கா பச்சைக் குழந்தையோடு உள்ளே, அம்மா ஹாலில் சோபாவில். திரும்பி வந்த பிறகு அம்மா இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

எங்களுக்குக் கட்டுமானப் பாடம் எடுக்கும் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டியா?"

"இல்ல சார்."

"நோய் என்னன்னு கேக்காம எப்படிப்பா மருந்து சொன்னே? இதையே செமினார் தலைப்பா எடுத்துக்க."

அந்த செமினாருக்குப் படித்ததைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

மூன்று எதிரிகள்

குளிர்காலத்தில் கிரால் ஸ்பேஸ் கட்டும்போது மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி, உறையும் மண். தண்ணீர் ஐஸானால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும் என்று படித்திருக்கிறோம். ஆனால் மண் தூக்குவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. வண்டல் மாதிரி பொடி மண்ணில், உறைகிற இடத்தை நோக்கிக் கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. அது தகடு தகடாக ஐஸாகி மேலே உள்ளதை எல்லாம் தூக்கும். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர் தண்ணீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்குகிற பென்சீனை மண்ணில் வைத்து சோதித்தார். அப்போதும் மண் தூக்கியது! 1930-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே அடிப்படை.

அதனால்தான் மிஷிகனில் ஃபுட்டிங் 42 அங்குல ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கேதான் ஒரு சூட்சுமம். அந்த 42 அங்குலம் வெளித் தரையிலிருந்து அளப்பது. உள்ளே கிரால் ஸ்பேசுக்காக மண்ணைத் தோண்டி எடுத்துவிடுகிறோம். உள்பக்கம் ஃபுட்டிங்குக்கு மேல் சில அங்குல மண்தான் மிச்சம். வீட்டில் ஆள் குடியிருந்து கதகதப்பாக இருந்தால் பிரச்சினை இல்லை. கட்டிக் கொண்டிருக்கும்போது சூடு இல்லாமல் விட்டால், குளிர் உள்பக்கமாக நுழைந்து ஃபுட்டிங்குக்கு அடியிலேயே போய்விடும். அக்கா வீட்டு இன்ஸ்பெக்டர் பயந்தது இதற்குத்தான்.

இரண்டாவது எதிரி, கான்கிரீட்டுக்குள் உறையும் தண்ணீர். பச்சைக் கான்கிரீட் உறைந்தால் அதன் பலம் பிறகு எத்தனை நாள் கியூரிங் செய்தாலும் முழுசாகத் திரும்பாது.

மூன்றாவது எதிரி, ஆவி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைச் சுமக்கும். பூஜ்ய டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த மரத்தைத் தொட்டால் மீதி அத்தனையும் தண்ணீராக இறங்கும். ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்ப்பது போலத்தான்.

அக்கா வீட்டில் ஆவி எங்கிருந்து வந்தது? ஒன்று, மூடாத ஈர மண். இன்னொன்று, அந்த ஹீட்டர்! புரோப்பேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். 44 கிராம் புரோப்பேனுக்கு 72 கிராம் தண்ணீர். அதாவது ஒரு கிலோ கேஸுக்கு 1.6 கிலோ தண்ணீர். 9 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் 14 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீரை ஆவியாக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள். காயவைக்கிறோம் என்று நினைத்து நனைத்திருக்கிறார்கள்.

வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

1. மண்ணைத் தயார் செய்தல்: புல், வேர், மரத் துண்டு, அட்டை எதுவும் உள்ளே கிடக்கக் கூடாது. எல்லாம் பூஞ்சணத்துக்கும் கரையானுக்கும் சாப்பாடு. தோண்டிய குழியை அன்று இரவே கம்பளி மாதிரி இருக்கும் இன்சுலேஷன் போர்வையால் மூட வேண்டும். உறைந்த மண்மேல் ஒருநாளும் கான்கிரீட் கொட்டக் கூடாது. உறைந்துவிட்டால், சூடான கிளைக்கால் கரைசல் ஓடும் ரப்பர் ஹோஸ்களைத் தரையில் விரித்து, மேலே போர்வை போட்டு உருக்குகிறார்கள். உருகிச் சேறான மேல்மண்ணை எடுத்துவிட்டுத்தான் கான்கிரீட்.

2. கான்கிரீட்: அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் 306-ஆம் வழிகாட்டி, காற்று 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனாலோ, போகும் என்று எதிர்பார்த்தாலோ அது குளிர்காலக் கான்கிரீட் என்கிறது. நம் ஐ.எஸ். 7861 பாகம் 2 (1981) சொல்லும் எல்லை 5 டிகிரி. 300 மி.மீ.க்குக் குறைந்த கனமுள்ள உறுப்புக்குக் கொட்டும்போது கலவை குறைந்தது 13 டிகிரி இருக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி கலக்கும் தண்ணீரைச் சூடாக்குவது. ஒரே எடைக்கு ஜல்லியைவிடத் தண்ணீர் நாலு மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் கொதிக்கும் தண்ணீரை நேராக சிமெண்டில் ஊற்றினால் உடனே இறுகிவிடும். முதலில் ஜல்லி, மணலோடு கலந்து, பிறகு சிமெண்ட்.

கான்கிரீட் 3.5 எம்.பி.ஏ. பலம் அடையும்வரை ஒருமுறைகூட உறையக் கூடாது. 10 டிகிரியில் வைத்திருந்தால் சாதாரணக் கலவை இரண்டு நாளில் அதை எட்டிவிடும். இங்கே நம்மூர் வழக்கம் உதவாது. சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, பாத்தி கட்டுவது எல்லாம் அங்கே ஆபத்து. ஈரம் ஊறிய கான்கிரீட் உறைந்தால் நாசம். ஷட்டரிங்கைப் பிரிக்காமல், போர்வை போர்த்தி, சிமெண்ட் தானே தரும் சூட்டைக் காப்பாற்றுவதுதான் அங்கே கியூரிங். போர்வையை எடுக்கும்போதும் மெதுவாகக் குளிர விட வேண்டும். திடீரென்று எடுத்தால் விரிசல் விழும்.

3. வெளிப்பக்க மண் நிரப்புதல்: உறைந்த கட்டிகளைக் கொட்டக் கூடாது. வசந்தத்தில் உருகிப் பள்ளமாகும், மழைநீர் சுவரை நோக்கி ஓடும். தரைச் சட்டங்கள் மேலே உட்காரும் முன்பு, முட்டுக் கொடுக்காமல் மண் நிரப்பினால் சுவர் உள்ளே தள்ளிவிடும். ஃபுட்டிங்கை ஒட்டி ஜல்லிக்குள் ஓட்டைக் குழாய் வைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வெளித்தரை, சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு 6 அங்குலம் சரிய வேண்டும்.

4. தரையை மூடும் முன்: இது ரொம்ப முக்கியம். உள்ளே விழுந்த பனியை, அது பனியாக இருக்கும்போதே வாரி வெளியே போட வேண்டும். உருகினால் மண்ணுக்குள் போய்விடும், பிறகு ஆவியாக மேலே வரும். மண்மேல் அன்றைக்கே ஒரு தற்காலிக பாலிதீன் ஷீட் விரித்துவிட வேண்டும். அக்கா வீட்டில் கான்ட்ராக்டர் "கடைசியில் போட்டுக்கலாம்" என்று விட்டது இந்த ஒரு ஷீட்டைத்தான். அதன் விலையைப் பார்த்தால் வெடித்த குழாயை மாற்றிய கூலியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

5. சூடு கொடுத்தல்: நெருப்பு உள்ளே எரியக் கூடாது. ஹீட்டர் வெளியே நிற்க வேண்டும், புகை வெளியே போக வேண்டும், சுத்தமான சூடு காற்று மட்டும் டக்ட் வழியாக உள்ளே வர வேண்டும். திறந்த நெருப்பு ஹீட்டரில் ஈரம் மட்டுமல்ல பிரச்சினை. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அந்தக் கார்பன் டை ஆக்சைடு பச்சைக் கான்கிரீட்டின் மேல்பரப்பைச் சுண்ணாம்புத் தூளாக உதிர வைக்கும். அந்த வாடைக்கு அத்தான் பயந்து அணைத்தது நியாயம்தான். ஆனால் வேறு சூடு ஏற்பாடு செய்துவிட்டு அணைத்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீரையும் வடித்திருக்க வேண்டும்.

6. மரம் காய்தல்: மரத்தின் ஈரப்பதத்தை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 19 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் இன்சுலேஷன் வைத்து மூடலாம். ஈர மரத்தை மூடுவது, ஈரத்துணியை டிரங்க் பெட்டியில் வைத்துப் பூட்டுவது மாதிரி.

7. நிரந்தர ஷீட்: 0.15 மி.மீ. கனத்துக்குக் குறையாத பாலிதீன். ஷீட்டின் மேல் ஷீட் 6 அங்குலம் ஏறிப் படுக்க வேண்டும், இணைப்பை டேப் போட்டு அடைக்க வேண்டும். ஓரத்தில் சுவர்மேலும் 6 அங்குலம் ஏற்றி ஒட்ட வேண்டும். மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கும் இந்த ஷீட்தான் முதல் தடை. அதற்கடியிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டு போய் விடுவதும் உண்டு.

8. போக்குவரத்து வழி: உள்ளே போகத் தரையில் குறைந்தது 18 அங்குலத்துக்கு 24 அங்குலத் திறப்பு வேண்டும். போக வழியில்லாத இடத்தை யாரும் பராமரிக்க மாட்டார்கள்.

திறப்பதா, மூடுவதா?

இப்போது என் யோசனைக்கு வருகிறேன். "காத்து வரட்டும்" என்பது முழுத் தப்பு இல்லை. அமெரிக்காவிலும் அதுதான் பழைய விதி. ஐ.ஆர்.சி. என்ற வீட்டு விதித்தொகுப்பின்படி, 150 சதுர அடி தரைக்கு ஒரு சதுர அடி வெண்டிலேட்டர். அக்கா அறை 320 சதுர அடி. அப்படியானால் 2.1 சதுர அடி திறப்பு. மண்ணை ஷீட் போட்டு மூடினால் 1500-க்கு ஒன்று போதும் என்று சலுகையும் உண்டு.

ஆனால் கோடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடும். கிரால் ஸ்பேசுக்குள் மண்ணும் குழாயும் அதைவிடக் குளிர்ச்சி. காயவைக்கத் திறந்த வெண்டிலேட்டர் வழியாகவே ஈரம் உள்ளே வருகிறது! குளிர்காலத்திலோ அதே வழியாக உறைய வைக்கும் காற்று.

அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற நிறுவனம் வட கரோலினாவின் பிரின்ஸ்வில் ஊரில், 1999-ல் வந்த ஃபிளாய்ட் புயலுக்குப் பின் கட்டிய 12 வீடுகளை எடுத்து சோதித்தது. சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தது. ஷீட் போட்டு மூடியவைதான் உலர்ந்திருந்தன. மின் செலவும் 15 சதவீத அளவுக்குக் குறைந்தது.

அதனால் இப்போதைய விதி இன்னொரு வழியையும் அனுமதிக்கிறது. வெண்டிலேட்டரே வேண்டாம். மண்ணை முழுக்க மூடு, சுவருக்கு இன்சுலேஷன் வை, 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி வீதம் மெஷின் மூலம் காற்றை மாற்று. 320 சதுர அடிக்கு 6.4 கன அடி. ஒரு சின்ன பாத்ரூம் ஃபேனே தாராளம். அக்கா வீட்டில் கடைசியில் இப்படித்தான் செய்தார்கள். மண்ணை உருக்கி, சேற்றை வாரி, மரம் காயும்வரை பொறுத்திருந்து, ஷீட் போட்டு, நாலு வெண்டிலேட்டரையும் நிரந்தரமாக அடைத்தார்கள்.

நமக்கு இதனால் என்ன?

"மதுரையிலும் சேலத்திலும் இருக்கிற நமக்குப் பனி எதுக்குடா?" என்று ஒரு நண்பன் கேட்டான். எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வு நம் டிப்ளமோவுக்கு உண்டு. அதில் எல்லைச் சாலை அமைப்பின் வேலைகளும் வருகின்றன. நாளைக்கு லடாக்கில் ஒரு கல்வெர்ட்டுக்கு நீங்கள் கான்கிரீட் போட வேண்டி வரலாம். அங்கே கிரால் ஸ்பேஸ் இருக்காது. ஆனால் உறைந்த மண், உறையும் கான்கிரீட் என்ற அந்த முதல் இரண்டு எதிரிகளும் அங்கே காத்திருப்பார்கள்.

அதைவிட முக்கியமானது வேறு. ஊருக்கு ஊர் மண் வேறு, காற்று வேறு. இங்கே சரியான வைத்தியம் அங்கே விஷமாகலாம். சிவில் படிக்கிறோம் என்றதும் சொந்தக்காரர் எல்லாம் நம்மிடம் யோசனை கேட்பார்கள். பெருமையாகத்தான் இருக்கும். அப்போது வாயைத் திறக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: வெளியே எத்தனை டிகிரி? மண் மூடியிருக்கிறதா? சூடு எதிலிருந்து வருகிறது? குழாயில் தண்ணீர் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது? பதில் தெரியாவிட்டால் "பார்த்துட்டுச் சொல்றேன்க்கா" என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

போன ஜூலையில் அத்தான் கிரால் ஸ்பேசுக்குள் ஈரப்பதமானி ஒன்றை வைத்துப் படம் அனுப்பினார். 54 சதவீதம். பிளைவுட்டின் அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. அடுத்த தடவை அம்மா போனால் அந்த அறையில்தான் தங்குவார். "உன் தம்பி செமினார்ல என்ன மார்க் வாங்கினான்?" என்று அத்தான் அக்காவிடம் கேட்டாராம். 25-க்கு 22. மூன்று மார்க் குறைந்தது, படம் சரியாக வரையாததற்கு!



— இறுதியாண்டு சிவில் மாணவன்